மாடு தின்றது போக

கொட்டாரக்கரை முன்சீப் கோர்ட் டிகிரி
ஆரியங்காவு ஏறி, செங்கோட்டை இறங்கி,
பதினாலு மாதம் கழித்து
அம்பாசமுத்திரத்தில் என் மேசைக்கு வந்தது.
மலைக்கு அந்தப்புறம் பெய்கிற மழையெல்லாம்
இந்தப்புறம் வருவதில்லை.
காகிதம் வந்துவிடும்.
உருண்டை உருண்டையாய் மலையாளம்,
பின்னால் ஊசி குத்திய ஆங்கிலம்,
அதன் மேல் எங்கள் ஐயா பச்சை மையில் ஒரு வரி:
அமீனா செல்க.

பிரம்மதேசத்துக்கு டவுன்பஸ் ஒன்பதே காலுக்கு.
மடியில் கட்டு. கட்டுக்குள்
ஏலியாம்மா, வயது ஐம்பத்தெட்டு, பதினோரு பசு,
வைக்கோலுக்கென்று முன்பணம் கொடுத்த வகையில்
ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து அறுநூறு,
வட்டி நூற்றுக்கு ஆறு, செலவுத்தொகை தனி.
பிரதிவாதி சங்கிலிபூதத்தான்
மூன்று முறை கூப்பிட்டும் ஆஜராகவில்லை.
அங்கே எந்த வராந்தாவில் நின்று
எந்த டவாலி அந்தப் பெயரைக் கூப்பிட்டிருப்பான்,
நாக்கு எத்தனை இடத்தில் இடறியிருக்கும்.

இந்தப் பக்கம் ஆற்றுக்கே பெயர் கடனா.
பாலத்தில் பஸ் ஏறும்போது
கண்டக்டர் அதை வைத்து ஒரு பகடி சொல்வான், தினமும்.
நான் சிரிப்பதில்லை. என் சம்பளம் அதில்தான்.

டீக்கடையில் விசாரித்தேன்.
ஊரில் மூன்று சங்கிலிபூதத்தான்.
கேரளாவுக்கு வைக்கோல் என்றதும்
ஒருவன் மட்டும் மிஞ்சினான்.

ஆள் வீட்டில் இருந்தான். ஓடவில்லை.
"வாரும் அண்ணாச்சி, வருவீருன்னு தெரியும்" என்று
செம்பில் தண்ணீர் தந்தான்.
அறுபதாம் பிரிவு எனக்கு மனப்பாடம்;
கண் தானாகக் கழித்துக்கொண்டே போகும்.
சமைக்கிற பாத்திரம், ஆகாது.
பாய் தலையணை, ஆகாது.
அவன் பெண்டாட்டி கழுத்தை நான் பார்க்கவே இல்லை.
உழவு மாடு ஒற்றை, ஜோடி போன வருஷம் செத்தது,
அதுவும் ஆகாது.
டி.வி. சர்க்கார் கொடுத்தது, படம் வராது.
மிச்சம்
கொல்லையில் ஒரு படப்பு.
பிசான அறுப்பு வைக்கோல், புது மஞ்சள்,
உச்சியில் தென்னை மட்டை போட்டு மிதித்தது.

சிரிப்பு வந்தது எனக்கு.
வைக்கோல் அனுப்பாத கடனுக்கு வைக்கோல் ஜப்தி.
நோட்டீஸை எங்கே ஒட்டுவது? பசை பிடிக்காது.
அவனே ஒரு பிரி திரித்து
அதைப் படப்போடு கட்டித் தந்தான்.

"அந்த வருஷம் அறுப்பன்னைக்கு மழை, அண்ணாச்சி.
களத்துலயே கறுத்துப் போச்சு.
லாரிக்காரன் மோந்து பாத்துட்டுத் திரும்பிட்டான்.
ரூவாயா? அது முந்தியே
மோட்டாருக்கும் மூத்தவளுக்கும் போயாச்சு."
கொஞ்ச நேரம் சும்மா இருந்தான்.
"அந்தம்மா மாடெல்லாம் என்னாச்சு?
தாள்ல எழுதிருக்கா?"

எழுதியிருக்கவில்லை.
தாளில் அப்படி ஒரு கட்டம் இல்லை.
தேடுவதுபோல் புரட்டினேன்.

பொறுப்பில் வைத்துக்கொள்ள ஆள் வேண்டும்.
பக்கத்து வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டார்.
தலையாரி குளத்து மடைக்குப் போயிருந்தார்.
ஏலம் வரை கடனாளியே காவல் என்று
கையெழுத்து வாங்கினேன்.
திரும்பிப் பார்த்தால்
மாடு படப்பின் வயிற்றில் முகம் நுழைத்து
கோர்ட் சொத்தைத் தின்றுகொண்டிருந்தது,
அவசரமே இல்லாமல்.
அவன் ஓடிப்போய் அடித்து விரட்டினான், எனக்காக.
நான் பஸ் ஏறியதும் அவிழ்த்து விட்டிருப்பான்.
விடட்டும்.

ஏலத்துக்கு வந்தவர் ஒருவர்தான், புனலூர்க்காரர்.
ஏழாயிரத்து முந்நூறு.
வைக்கோலைச் சிந்திச் சிந்தி
லாரி மேற்கே போயிற்று.

அறிக்கையில் எழுதினேன்:
டிகிரித் தொகையில் இவ்வளவு வசூல், மீதி நிலுவை;
ஜப்தி செய்தது படப்பு ஒன்று,
மாடு தின்றது போக.
ஐயா பச்சை மையில் கடைசி வரியை வளைத்து
ஓரத்தில் கேட்டிருக்கிறார்,
எவ்வளவு தின்றது?

வெள்ளிக்கிழமைத் தபாலுக்குள் பதில் வேண்டும்.
கொட்டாரக்கரையில் யாரோ ஒருவர் அதை
ஏலியாம்மாவுக்கு மலையாளத்தில் படித்துச் சொல்வார்.